மண்ணியலின் தந்தை

உழவன் நாள்தோறும் காலால் மிதிப்பது மண்; கலப்பையால் கிளறுவதும் மண். எனினும் அம்மண் யாது, அஃது எவ்வாறு தோன்றியது என்பதை முறைப்பட ஆராய்ந்து கூறும் கலை நெடுங்காலம் தோன்றவில்லை. வானத்து மீன்களின் வழியை அளந்த அறிஞர் பலர். கடலின் ஆழத்தைக் கண்ட அறிஞரும் பலர். காலடியிற் கிடந்த மண்ணைத் தனிப்பொருளாக எண்ணியவர் மிகச் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற்கூடப் பாறைகளை ஆராய்வோர் அதனைப் பாறையின் பொடி என்று ஒதுக்கினர். வேதியியலார் அதனைப் பயிருக்கு வேண்டும் உப்புக்களைத் தாங்கி நிற்கும் ஒரு கலமாகக் கருதினர். மண்ணைக் கற்க விரும்பும் மாணவன் ஒருவன் அக்காலத்தில் பல்கலைக்கழகத்தின் வாயிலில் வந்து நின்றிருப்பானாயின், அவனுக்கு எந்த வகுப்பறையைக் காட்டுவது என்று ஆசிரியர்கள் திகைத்திருப்பர். கற்று முடித்தபின் அவனை யார் வேலைக்கு அமர்த்துவர் என்று கேட்டிருந்தாலோ, அதற்கும் விடை கிடைத்திராது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் மண்ணியல் ஒரு தனித்துறையாக விளங்குகிறது. அதனைக் கற்றோர் மண் ஆய்வுக்கூடங்களிலும், நில ஆய்வுப் பணியிலும், பாசனத் திட்டங்களிலும், காடு வளர்ப்பிலும், உவர்நிலத்தைத் திருத்தும் வேலையிலும் அமர்கின்றனர். இம்மாற்றம் தானே விளைந்ததன்று. ருசிய நாட்டுப் பேராசிரியர் ஒருவர் தம் உடல்நலத்தையும் பொருட்படுத்தாது முயன்று இதற்கு வித்திட்டார். அவர்தாம் வசீலி வசீலியேவிச் டொக்குச்சாயேவ்.

இளமை

ருசிய நாட்டின் மேற்குப் பகுதியில் ஸ்மோலென்ஸ்க் என்னும் மாகாணம் உள்ளது. அம்மாகாணத்தில் மிலியுக்கோவோ என்னும் சிற்றூரில், 1846ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் டொக்குச்சாயேவ் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூர்த் திருக்கோயிலின் குரு. குருவின் மகன் குருவாதலே அந்நாட்டு வழக்கம். ஆதலின் சிறுவனும் முதலில் வியாஸ்மா நகரத்துச் சமயப் பள்ளியிலும், பின்னர் ஸ்மோலென்ஸ்க் நகரத்துக் குருமார் கல்லூரியிலும் பயின்றான். ஆண்டுகள் பல சென்றன. 1867ஆம் ஆண்டில் கல்லூரியில் முதன்மையுற்றுத் தேறியமையால், தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த உயர் சமயக் கழகத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் சமயத் துறையில் உயர்ந்த பதவியும் நிலையான வருவாயும் வந்து சேர்ந்திருக்கும்.

அவர் பொறுக்கவில்லை. சில வாரங்களிலேயே அக்கழகத்தை விட்டு நீங்கிப் பல்கலைக்கழகத்தின் இயற்கை அறிவியற் பிரிவிற் சேர்ந்தார். தந்தை வகுத்த பாதையைத் துறந்து, உதவுவோர் இன்றிப் புதுப்பாதையில் அடிவைத்த அவ்விளைஞருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்று.

பீட்டர்ஸ்பர்க்குப் பல்கலைக்கழகம் அந்நாளில் அறிஞர் பலர்க்கு உறைவிடமாய் விளங்கியது. தனிமங்களை வரிசைப்படுத்தி உலகப் புகழ் பெற்ற மெண்டலீவ் அங்கே வேதியியல் கற்பித்தார். அவர் தம் அட்டவணையை வெளியிட்ட 1869ஆம் ஆண்டில் டொக்குச்சாயேவ் அங்கு மாணவராக இருந்தார். பயிர்நூலிற் பெக்கெட்டோவும், நிலநூலில் இனொஸ்திரான்த்செவும் அவர்க்கு ஆசிரியர்களாய் வாய்த்தனர். 1871ஆம் ஆண்டில் அவர் பட்டம் பெற்றார். அதன் பொருட்டு அவர் எழுதிய ஆய்வுரை எதனைப் பற்றியது என்பது கருதத்தக்கது. அவர் பிறந்த ஊரின் அருகே கச்னா என்னும் சிற்றாறு ஓடுகிறது. அவ்வாறு தன் கரையிற் கொணர்ந்து சேர்த்த வண்டல் படிவுகளைப் பற்றியே அவர் எழுதினார். இளமையிற் பலகாலும் கண்டு பழகிய ஆற்றங்கரையே அவருக்கு முதற் பாடநூலாயிற்று.

அடுத்த ஆண்டில் பல்கலைக்கழகத்தின் நிலநூல் தொகுப்புக்களைப் பேணும் காப்பாளர் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆற்றுப் பள்ளத்தாக்குகள் எவ்வாறு தோன்றின என்னும் ஆராய்ச்சிக்காக 1878ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டமும் கிடைத்தது. அதற்குள்ளாகவே வேறொரு பணி அவரை ஈர்த்துக்கொண்டது. ஐரோப்பிய ருசியாவின் மண்வகைகளைக் காட்டும் படம் ஒன்றைச் சஸ்லாவ்ஸ்கி என்னும் புள்ளியியலறிஞர் வரைந்து வந்தார். அதற்குத் துணைபுரிய 1875ஆம் ஆண்டில் டொக்குச்சாயேவ் அழைக்கப்பட்டார். படம் அச்சேறுமுன் சஸ்லாவ்ஸ்கி இறந்தார். படத்திற்குரிய விளக்க நூலை டொக்குச்சாயேவே எழுதி 1879ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனை எழுதுங்கால் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஒவ்வோர் ஊராரும் தத்தம் மண்ணுக்கு ஒரு பெயர் வழங்கினர். ஆனால் எப்பெயர் எம்மண்ணைக் குறிக்கும் என்பதற்கு வரையறை ஒன்றும் இல்லை. பெயரளவில் இருந்ததேயன்றி மண்ணைப் பற்றிய அறிவு உண்மையில் பிறக்கவில்லை.

கருமண் ஆராய்ச்சி

ருசியாவின் தென்பகுதியில் மரமற்ற பெரும் புல்வெளி பரந்து கிடக்கிறது. அதனை ஸ்டெப்பி என்பர். அங்குள்ள மண் கரியது, கொழுமை மிக்கது. சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்திற்கும் மேலாகக் கருமை மாறாது காணப்படும். ருசிய மக்கள் அதற்கு வழங்கும் பெயர் செர்னோசெம் என்பது. அதன் பொருளும் கருமண் என்பதே. அந்நாட்டின் கோதுமைக் களஞ்சியம் அதுவே. தமிழ்நாட்டுக் கரிசலோடு இதனை ஒன்றாகக் கருதுதல் கூடாது. கரிசலில் மட்கிய பொருள் குறைவு. களிமண்ணின் தன்மையே அங்கு மிகும். ருசியக் கருமண்ணின் கருமையோ எண்ணற்ற ஆண்டுகளாகப் புல்லின் வேர்கள் மட்கி மட்கிச் சேர்ந்த கருமை.

இந்த உண்மை அக்காலத்தில் ஒரு முடிவாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பண்டைக் கடல் விட்டுச்சென்ற சேறே கருமண் என்றனர் ஒரு சாரார். வற்றிப்போன சதுப்பு நிலத்தின் எச்சமே அது என்றனர் மற்றொரு சாரார். நிலத்து வளர்ந்த செடிகொடிகளே மட்கிக் கருமண் ஆயின என்று கூறியவர்களும் உளர். ஆனால் இதனைப் பெரும்பரப்பில் ஆராய்ந்து நிறுவியவர் இலர். அறிஞர் தம் அறைகளில் இருந்து வாதிட்டுக்கொண்டிருக்கையில், புல்வெளியில் வறட்சி வந்தது. 1870களில் மழை பொய்த்து விளைவு குன்றியது. ருசியாவின் உழவுத்தொழில் மேம்பாட்டுக்கெனப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நிறுவப்பெற்ற பொருளாதாரச் சங்கம் ஒன்று இருந்தது. கருமண்ணை நேரில் ஆராய்ந்து வருமாறு அச்சங்கம் டொக்குச்சாயேவை வேண்டியது.

1877, 1878 ஆகிய ஆண்டுகளின் கோடைக் காலங்களை அவர் கருமண் நாட்டிலேயே கழித்தார். குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் அவர் கடந்த தொலைவு 10,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. 1881ஆம் ஆண்டில் மீண்டும் சென்றார். சென்ற இடமெல்லாம் குழி தோண்டச் செய்தார். குழியின் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கிவிட்டு, மேலிருந்து கீழாக அடுக்கடுக்காய் அமைந்த மண்ணின் நிறம், தடிப்பு, வேர் பரவிய ஆழம், அடியில் உள்ள தாய்ப்பாறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். ஒவ்வோர் அடுக்கினின்றும் மண் எடுத்துப் பையிலிட்டு, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். மேலடுக்கு, இடையடுக்கு, தாய்ப்பாறை என மண்ணை மூவகை அடுக்காகப் பகுத்துப் படிக்கும் முறை அவர் பயணங்களில் உருவானது. இன்று உலகில் எந்நாட்டு மாணவனும் மண்ணியல் கற்கத் தொடங்கும்பொழுது முதலிற் செய்வது இக்குழியில் இறங்கி நிற்றலே.

குழிகள் அவருக்கு உண்மையை உரைத்தன. கடல் தந்த சேறு என்று கொண்டால் கடலின் எச்சங்கள் கருமண்ணிற் காணப்படல் வேண்டும்; அவை காணப்படவில்லை. ஒரே கருமண் வேறுவேறு பாறைகளின்மேல் போர்வைபோற் படர்ந்து கிடந்தது. இனி, ஒரே வகைத் தாய்ப்பாறை வடக்கேயும் தெற்கேயும் பரந்திருக்க, அதன்மேல் அமைந்த மண் மட்டும் இடத்திற்கிடம் வேறுபட்டது. வடக்கே மழை மிகுதி; அங்கே காடு அடர்ந்துள்ளது. காட்டில் இலைகள் நிலத்தின்மேல் உதிர்ந்து மட்குகின்றன; மழைநீர் சத்துக்களைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது. அதனால் அங்குள்ள மண் சாம்பல் நிறம் உற்று வளம் குன்றிக் கிடக்கிறது. உழவர் அதனைப் போட்சோல் என்பர். நடுவே உள்ள புல்வெளியில் மழை அளவானது. ஆண்டுதோறும் மாயும் புல்வேர்கள் மண்ணினுள்ளேயே தங்குகின்றன. வறண்ட கோடையும் உறைபனி மாரியும் அவை முற்றும் அழிந்துபோகாதவாறு காக்கின்றன. ஆதலின் மட்கு நிலத்தினுள் திரள்கிறது. தெற்கே செல்லச் செல்ல மழை சுருங்குகிறது, புல் அருகுகிறது, மண்ணின் கருமையும் குறைகிறது. மட்கின் அளவு நூற்றுக்கு நான்கு முதல் பதினாறு விழுக்காடு வரையில் பட்டைபட்டையாக மாறிச் செல்வதை அவர் நிலப்படத்தில் வரைந்து காட்டினார்.

இவற்றினின்று அவர் கண்ட முடிவு, மண் பாறையின் பொடியன்று என்பது. பாறையையும் விலங்கையும் செடியையும் போல மண்ணும் தனக்கென ஒரு பிறப்பும் வளர்ச்சியும் உடைய தனிப்பொருள். தாய்ப்பாறை, தட்பவெப்பம், செடியும் விலங்குமாகிய உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகிய ஐந்தும் கூடி அதனைப் படைக்கின்றன. இவ்வைந்தினுள் ஒன்று மாறினும் மண் மாறும். எளிதாகத் தோன்றும் இக்கருத்தே ஒரு புதிய கலைக்கு அடிக்கல்லாயிற்று.

ருசியக் கருமண் என்னும் பெயரால் இவ்வாராய்ச்சி 1883ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் அதனையே முனைவர் பட்டத்திற்கு ஆய்வுரையாக அவர் முன்வைத்தார். ஆராய்ந்து வினாத் தொடுத்தவருள் ஆசிரியராகிய மெண்டலீவும் ஒருவர். பட்டம் கிடைத்தது, பின்னர் அறிவியற் கழகத்தார் நூலுக்கு மகாரியெவ் பரிசிலும் அளித்தனர். எல்லோரும் அவர் கருத்தை ஏற்றனர் என்று கொள்ளற்க. வேளாண்மை அறிஞராகிய கோஸ்திச்செவ் அதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். மட்கு சிதைவதில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையையும், உழவன் மண்ணைப் பேணும் முறையையும் அவர் வற்புறுத்தினார். அவர் கூறியவற்றுள்ளும் மெய் உண்டு. இருவர் எழுத்தையும் சேர்த்துப் படிப்போரே கருமண்ணைச் செவ்விதின் உணர்வர்.

வரியும் மண்ணும்

மண்ணியல் கற்றவனுக்கு வேலை எங்கே என்னும் கேள்விக்கு முதல் விடை எதிர்பாராத இடத்தினின்று வந்தது. நீஷ்னி நாவ்கரோட் என்னும் மாகாணத்தின் ஆட்சி மன்றத்தார் நிலவரியைச் செம்மையாக விதிக்க விரும்பினர். அதுவரையில் உழவரை அழைத்து, இந்நிலத்தில் எவ்வளவு விளையும் என்று வினவி, அவர் கூறியதை எழுதிக்கொள்வதே வழக்கமாக இருந்தது. வரிக்கு அஞ்சியவன் குறைத்துக் கூறுவான். அறியாதவன் உள்ளதை உரைத்து மிகுதியாகச் செலுத்துவான். நல்ல நிலமும் தீய நிலமும் ஒரே வரியைச் சுமக்கும் கொடுமையும் நேர்ந்தது.

மன்றத்தார் டொக்குச்சாயேவை நாடினர். 1882ஆம் ஆண்டு முதல் 1886ஆம் ஆண்டு வரையில் அவர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அம்மாகாணம் முழுதும் ஆராய்ந்தார். மண்ணை வகைப்படுத்தி, அதன் வேதியியல் தன்மையையும் நீரைத் தாங்கும் தன்மையையும் கண்டறிந்து, மிகச் சிறந்த மண்ணுக்கு நூறு மதிப்பெண் எனக் கொண்டு ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டுத் தரப்படுத்தினார். மனிதன் வாய்ச்சொல்லை விடுத்து மண்ணையே சான்றாக அழைத்த முறை இஃது. ஆராய்ச்சியின் பயன் 14 தொகுதிகளாக வெளிவந்தது. அந்நகரில் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை ஒன்றும் தோன்றியது. 1888ஆம் ஆண்டு முதல் பொல்டாவா மாகாணத்திலும் இவ்வாறே ஆராய்ச்சி நிகழ்ந்தது. அதன் பயன் 16 தொகுதிகள்.

இவ்விரு மாகாணங்களே உண்மையில் அவர் நடத்திய பல்கலைக்கழகம் எனலாம். பீட்டர்ஸ்பர்க்கில் அவர் வீற்றிருந்தது கனிமவியல் பேராசிரியர் இருக்கை. மண்ணியலுக்கு அங்கு இருக்கை இல்லை, பாடத்திட்டம் இல்லை, தேர்வும் இல்லை. மாணவர்கள் கோடையில் அவரோடு வயல்வெளிக்குச் சென்று, குழியில் இறங்கி, கையில் மண் ஒட்டக் கற்றனர். மாரிக் காலத்தில் ஆய்வுக்கூடத்தில் அம்மண்ணைப் பகுத்தாய்ந்தனர். ஆட்சி மன்றத்தார் அவர்களுக்கு ஊதியம் அளித்தனர். கல்வியும் வேலையும் ஒன்றாகவே நடந்தன. ஆசிரியரோ பணியில் கடுமை காட்டுபவர். தாம் இளைப்பாறாதவர், பிறர் இளைப்பாறுவதையும் எளிதிற் பொறாதவர். ஆயினும் மாணவர் அவரை விட்டு அகன்றிலர்.

1889ஆம் ஆண்டில் பாரிசு நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ருசிய மண்வகைகளின் தொகுப்பு ஒன்றை அவர் அனுப்பினார். அது பொற்பதக்கம் பெற்றது. பொன்னும் மணியும் காட்டிய நாடுகளுக்கிடையே மண்ணைக் காட்டிப் பதக்கம் பெற்றதை அங்கு வந்தோர் வியந்திருத்தல் வேண்டும்.

பஞ்சம்

1891ஆம் ஆண்டில் ருசியாவின் கருமண் நாட்டிலும் வால்கா ஆற்றுப் பகுதியிலும் மழை அறவே பொய்த்தது. பயிர் கருகியது. பஞ்சமும் அதனைத் தொடர்ந்த நோயும் இலட்சக்கணக்கான மக்களைக் கொண்டுசென்றன. உலகின் மிக வளமான மண்ணின்மேல் மக்கள் உணவின்றி மாண்டனர். வறட்சி வானத்தின் குற்றம் என்று பலர் இருந்துவிட்டனர். டொக்குச்சாயேவ் நிலத்தை நோக்கினார்.

நம் புல்வெளிகள் அன்றும் இன்றும் என்னும் பொருளுடைய பெயரால் 1892ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதன் விற்பனைப் பணத்தைப் பஞ்சத்தால் நலிந்தோர்க்கே உரியதாக்கினார். புல்வெளி ஒரு காலத்தில் கடற்பஞ்சு போன்றிருந்தது. புல்லும் மரத்தோப்பும் பனியைத் தடுத்துத் தேக்கின. உருகிய நீர் மெல்ல மண்ணுள் இறங்கியது. மக்கள் தோப்புக்களை வெட்டினர். புல்வெளி முழுதையும் உழுதனர். பருக்கை பருக்கையாய் இருந்த மண் பொடியாயிற்று. பனியைக் காற்று அடித்துச் சென்றது. உருகிய நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடி நிலத்தை அரித்துப் பெரும்பள்ளங்களை உண்டாக்கியது. நிலத்தடி நீர் தாழ்ந்தது. மழை சிறிது குறைந்தாலும் தாங்க இயலாத நிலைக்கு மண் வந்துவிட்டது. பஞ்சத்தின் வேர் இதுவே என அவர் தெளிவுறக் காட்டினார்.

நோயைக் கூறியவர் மருந்தையும் கூறினார். பள்ளங்களின் குறுக்கே கரையிட்டு நீரைத் தேக்குதல், குளங்கள் வெட்டுதல், வயல்களுக்கு இடையே மரவரிசைகள் நட்டுக் காற்றைத் தடுத்தல், உழுநிலம் புல்நிலம் காடு ஆகிய மூன்றும் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்று இடத்திற்கேற்ப வரையறுத்தல் என்பன அவர் கூறிய வழிகள். வனத்துறையினர் அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தனர். ஆற்றுப் படுகைகளைப் பிரிக்கும் மேட்டு நிலங்களில் மூன்று இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது வரோனேஷ் மாகாணத்துக் காமென்னாயா ஸ்டெப்பி. கற்புல்வெளி என்பது அதன் பொருள். குளங்கள் தோண்டப்பட்டன, மரவரிசைகள் நடப்பட்டன, காற்றையும் ஈரத்தையும் நாள்தோறும் அளக்கும் நிலையங்கள் அமைந்தன. விசோட்ஸ்கி, மொரோசோவ் முதலிய இளைஞர் இந்நிலையங்களிற் பணியாற்றிக் காடு வளர்ப்பு அறிஞராயினர்.

இருக்கைக்காக நடந்த போராட்டம்

போலந்துப் பகுதியில் நோவோ அலெக்சாந்திரியா என்னும் ஊரில் உழவும் காடு வளர்ப்பும் கற்பிக்கும் உயர்கல்லூரி ஒன்று இருந்தது. ஆட்சியாளர் அதனை மூடிவிடவும் எண்ணியிருந்தனர். 1892ஆம் ஆண்டில் அதன் பொறுப்பு டொக்குச்சாயேவிடம் வந்தது. தலைநகரில் பேராசிரியர் பதவியும், புல்வெளியில் ஆராய்ச்சிக் குழுவும் இருக்க, மூன்றாவதாக இச்சுமையையும் அவர் ஏற்றார். கல்லூரியின் பாடத்திட்டத்தை முற்றும் மாற்றினார். 1894ஆம் ஆண்டில் அங்கே மண்ணியலுக்கெனத் தனித்துறை நிறுவினார். ருசிய நாட்டில் இக்கலைக்கு அமைந்த முதல் இருக்கை அதுவே. அதில் அமர்ந்தவர் நீஷ்னி நாவ்கரோட்டில் அவரோடு குழி தோண்டிய மாணவர் சிபிர்த்செவ்.

தலைவர் தாமே அவ்விருக்கையில் அமர்ந்திருக்கலாம். அவர் அங்ஙனம் செய்திலர். சிபிர்த்செவ் தெளிவாக எழுதவும் ஒழுங்காகக் கற்பிக்கவும் வல்லவர் என்பதை அறிந்து, அவரையே அமர்த்தினார். அத்தேர்வு பிழைபடவில்லை. அவ்வகுப்பறைச் சொற்பொழிவுகளினின்றே மண்ணியலின் முதற் பாடநூல் பிறந்தது.

பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் மண்ணியலுக்கும் நுண்ணுயிரியலுக்கும் துறைகள் வேண்டும் என்று டொக்குச்சாயேவ் எழுதினார். அலுவலகந்தோறும் சென்று முறையிட்டார். மண் ஆராய்ச்சிக்கு ஓர் அரசு நிறுவனம் வேண்டும் என்றும் மன்றாடினார். ஆவன செய்வோம் என்னும் அளவில் எல்லாம் நின்றன. தாம் கற்ற, தாம் கற்பித்த பீட்டர்ஸ்பர்க்குப் பல்கலைக்கழகத்தில் மண்ணியலுக்கு ஓர் இருக்கையை அவர் தம் வாழ்நாளிற் காணவில்லை.

மூவர் சுமக்கும் பாரத்தை ஒருவர் சுமந்ததன் விளைவு 1895ஆம் ஆண்டில் தோன்றியது. நரம்பு நோய் அவரைத் தாக்கியது. நினைவு தடுமாறியது, செவியும் கண்ணும் சோர்ந்தன. உடலைப் பேணாது உழைத்ததை அவர் செய்த பிழை எனின், பிழையே. ஓரளவு தேறி எழுகையில், 1897ஆம் ஆண்டில் அவர் மனைவியார் அன்னா புற்றுநோயால் இறந்தார். அவ்வம்மையார் பெண்களுக்கென உறைவிடப் பள்ளி நடத்தியவர்; கணவர் பணியில் உற்ற துணையாயிருந்தவர். அவ்வாண்டிலேயே டொக்குச்சாயேவ் பேராசிரியர் பதவியினின்று ஓய்வு பெற்றார்.

அவர் கதை அத்துடன் முடிந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் 1898ஆம் ஆண்டில் அவர் மீண்டும் எழுந்து காக்கேசிய மலைகளை நோக்கிப் புறப்பட்டார். வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும்பொழுது மண் பட்டைபட்டையாக மாறுவதுபோல, மலையடியிலிருந்து உச்சிக்கு ஏறும்பொழுதும் மாறுதல் வேண்டும் என்று அவர் முன்னரே கருதியிருந்தார். மலையேறி நோக்கிய வழி, கருதியவாறே காணப்பட்டது. நிலம், நீர், செடி, விலங்கு, மனிதர் தொழில் ஆகியன யாவும் தட்பவெப்பத்திற்கேற்ப மண்டலங்களாக அமையும் என்னும் அவர் கொள்கை 1899ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரசு இருக்கை தாராதது கண்டு, தலைநகரில் விரும்பியோர் யாவரும் வந்து கேட்குமாறு மண்ணியல் சொற்பொழிவுகளையும் அவர் தாமே நடத்தினார்.

1900ஆம் ஆண்டில் சிபிர்த்செவ் காசநோயால் நாற்பதாம் வயதில் இறந்தார். தமக்குப்பின் கலையைக் காப்பார் என்று நம்பிய மாணவர் தமக்கு முன்னரே மறைந்த துயரம் சிறிதன்று. அதன்பின் நோய் மீண்டும் பற்றியது; இம்முறை விடவில்லை. மூன்றாண்டுகள் அல்லலுற்று, 1903ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் டொக்குச்சாயேவ் பீட்டர்ஸ்பர்க்கில் உயிர் துறந்தார். மனைவியாரின் கல்லறைக்கு அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவர் பரம்பரை

அவரிடம் பயின்றோர் சென்ற வழிகள் பல. வெர்னாட்ஸ்கி பொல்டாவா ஆராய்ச்சியிற் பங்கு கொண்டவர். உயிர்களும் பாறையும் நீரும் காற்றும் தம்முள் பொருள்களை மாற்றிக்கொள்ளும் முறையை ஆராய்ந்து, உயிர்மண்டலம் பற்றி 1926ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. அமாலித்ஸ்கி நீஷ்னி நாவ்கரோட்டில் மண் தோண்டியவர்; பின்னர் வடக்கே துவினா ஆற்றங்கரையில் பண்டைக்கால ஊர்வனவற்றின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். லெவின்சன் லெசிங் பாறையியலிற் பெரியாராயினர். மொரோசோவ் காட்டியற் பேராசிரியரானார். ஒரு குழியில் இறங்கிக் கற்றவர் இத்தனை துறைகளில் ஏறி நின்றனர்.

சிபிர்த்செவ் இருந்த இருக்கையிற் கிளிங்கா அமர்ந்தார். குடியேற்றத்திற்கு ஏற்ற நிலங்களைக் கண்டறிய ருசிய அரசினர் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் அனுப்பிய மண் ஆராய்ச்சிக் குழுக்களை நடத்தியவரும் அவரே. மண்ணியல் கற்ற இளைஞர் பலர்க்கு அக்குழுக்கள் வேலையளித்தன. 1914ஆம் ஆண்டில் கிளிங்கா செருமானிய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ருசிய மொழி அறியாத நாடுகளுக்கு டொக்குச்சாயேவின் கொள்கை அந்நூல் வழியாகவே பரவியது. அமெரிக்க மண் ஆய்வுத் துறையின் தலைவர் மார்பட் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1927ஆம் ஆண்டில் வாசிங்டன் நகரில் முதல் உலக மண்ணியல் மாநாடு கூடியபொழுது, அவ்வறிஞர்களிடையே செர்னோசெம், போட்சோல் என்னும் ருசிய உழவர் சொற்கள் கலைச்சொற்களாய் வழங்கின.

டொக்குச்சாயேவ் வேண்டிய மண் காட்சிசாலை அவர் இறந்த மறு ஆண்டில் பீட்டர்ஸ்பர்க்கில் திறக்கப்பட்டது. அஃது இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. காமென்னாயா ஸ்டெப்பியில் அவர் காலத்தில் தொடங்கி நடப்பெற்ற மரவரிசைகள் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. அவற்றின் இடையே உள்ள வயல்களில் மாரியில் பனி தங்குகிறது. மாணவர்கள் இன்றும் அங்குச் சென்று குழி தோண்டி, மரத்தடி மண்ணையும் வயல் மண்ணையும் அடுக்கடுக்காக ஒப்பிட்டு அளக்கின்றனர்.